நீல விளக்கில் காட்டிய விரல்

எங்கள் கடைக்கும் பக்கத்து நெயில் பார்லருக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவரைப் பார்த்து நான் திட்டாத நாள் கிடையாது. இன்றைக்கு அதே சுவரைப் பார்த்தால் கும்பிடலாம் போல இருக்கிறது. இதை என் மனைவியிடம் சொன்னால் இந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்தா வருகிறது என்று கேட்பாள். கேட்கட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். நன்றியும் வரும் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

என் தொழில் கார் முன்கண்ணாடி. முன்னால் போகிற லாரி எத்திவிட்ட கல் பட்டுக் கண்ணாடியில் சின்னதாக ஒரு நட்சத்திரம் விழும். அப்படியே விட்டுவைத்தால் ஒரு குளிரோ ஒரு பள்ளமோ போதும், விரிசல் கோடாக ஓடி முழுக் கண்ணாடியும் போய்விடும். அதற்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்தால், அந்தப் புள்ளியின் மேல் ஒரு சின்னப் பம்பைப் பொருத்தி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, ரெசினை இறக்குவேன். தண்ணீர் மாதிரி ஓடுகிற பிசின் அது. மேலே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து நீல விளக்கைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும். மிச்சத்தைப் பிளேடால் சுரண்டி, மெருகு போட்டு, நகத்தால் தடவிப் பார்ப்பேன். நகம் எங்கேயும் தட்டக் கூடாது. அந்த நட்சத்திரம் கண்ணெதிரே மறைகிற நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் கிடந்தேன்.

கையுறை போடாதவன் என்று நினைக்க வேண்டாம். போடுவேன். போட்டுவிட்டு, ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் கத்தரியால் வெட்டிவிடுவேன். தடவிப் பார்க்க நகம் வெளியே இருக்க வேண்டும் அல்லவா? அந்த விரலில் ரெசின் பட்டால் துடைத்தாலும் போகாது, தொட்ட இடமெல்லாம் பிசுபிசுக்கும். அதற்கும் ஒரு வித்தை வைத்திருந்தேன். விரலை அப்படியே நீல விளக்கின் கீழே காட்டுவேன். சுருக்கென்று சுடும், ரெசின் இறுகிவிடும், பாம்பு சட்டையை உரிக்கிற மாதிரி உரித்துப் போட்டுவிடலாம். காருக்காகக் காத்திருப்பவர்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

முதலில் அந்த விரல் நுனிதான் வெடித்தது. வேலை செய்கிற கை, வெடிக்கத்தானே செய்யும் என்று விட்டேன். பிறகு அரிப்பு வந்தது. அது சாதாரண அரிப்பு இல்லை, எலும்புக்குள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி. சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், அது உடைந்து செதில், செதிலுக்கு அடியில் பச்சைப் புண். ஒரு நாள் காலையில் கண் இமை இரண்டும் வீங்கி, கண்ணாடியில் என் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு எல்லாம் தடவினேன். சோப்பை மாற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பக்கத்துக் கடையைப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தம்மா நகத்துக்குப் பூசுகிற சாயமும் அதைக் கழுவுகிற திரவமும் எந்நேரமும் நாறும். நகக்காரி என்றுதான் அவளுக்கு நான் வைத்த பெயர். நாற்றம் ஏறும்போதெல்லாம் சுத்தியல் பிடியால் சுவரை இடிப்பேன். உங்கள் பசை நாற்றம் மட்டும் பன்னீரா என்று அவள் அந்தப் பக்கமிருந்து இடிப்பாள். இப்படியே ஒரு போர் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மகள் புகுந்த வீடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். மாப்பிள்ளை வெளியூர் வேலை, வாரக் கடைசியில் வருவார். வீட்டில் மகளும் சம்பந்தியம்மாவும்தான். முதல் தடவை போனபோது குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் கண்ணாடியைத் தூக்குகிற கைக்கு, இந்தச் சின்னச் சுமை இருந்ததே தெரியவில்லை. கிளம்பும்போது சம்பந்தியம்மா என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொண்டார். வாங்கும்போதே என் விரல்களைப் பார்த்தார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு நாங்கள் மறுபடி போனபோது சம்பந்தியம்மாவின் இமைகள் வீங்கியிருந்தன. விரல் ஓரமெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அந்த விரல்களில் நகம் மட்டும் பளபளவென்று மாதுளை நிறத்தில் மின்னியது. கை இந்த லட்சணத்தில் இருக்கும்போது சாயம் ஒரு கேடா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். நான் குழந்தையை நோக்கிக் கையை நீட்டினேன். சம்பந்தியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. உங்க கை ஆறுற வரைக்கும் பாப்பாவைத் தூக்க வேணாம். எனக்கு ஒட்டிக்கிச்சு. குழந்தைக்கு ஒட்டினா தாங்காது."

மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது. சண்டைக்கு வந்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். டீ ஆறிப்போக, கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பஸ்ஸில் வரும்போது மனைவி ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு ஞாயிறும் போனேன். கூடத்தின் கடைசி நாற்காலியில், கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு உட்காருவேன். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குத் தெரிகிற மாதிரி முதுகைத் திருப்பி நிற்பாள். அது அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்க்கும், சிரிக்கும், கையை நீட்டும். நான் நீட்ட மாட்டேன். பேத்தியைப் பொம்மைக் கடைச் சன்னலில் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு வந்தவன் நான். சம்பந்தியம்மா எங்களோடு வந்து உட்காருவதே இல்லை. சமையலறை வாசலில் நிற்பார், இல்லையென்றால் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார். பெரிய மகாராணி, நம்மோடு உட்கார்ந்தால் தோஷம் என்று நினைத்தேன்.

நடுவில் குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். கார் உள்ளே வர வழியில்லை, கடையை மூடிவிட்டு வீட்டில் கிடந்தேன். என்ன ஆச்சரியம், கை ஆறத் தொடங்கியது. புதுத் தோல் வந்தது. இமை வடிந்தது. வருகிற ஞாயிறு தூக்கிவிடலாம் என்று மகளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். சனிக்கிழமை தெரு சரியாகி, கடையைத் திறந்தேன். ஒரே ஒரு கார்தான் வந்தது. சாயங்காலம் விரல் அரித்தது. மறுநாள் காலையில் எல்லாம் பழையபடி. தோண்டிப் போட்ட தெருவின் தூசிதான் காரணம் என்று அதையும் திட்டித் தீர்த்தேன். மகளுக்கு மறுபடி போன் செய்து, இன்றைக்குத் தூக்க முடியாது என்றேன்.

அந்த வாரம் நான் சுவரை இடித்த இடியில் நகக்காரியின் அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் விழுந்து உடைந்துவிட்டது. சண்டைக்கு வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றபோது, நான் விரலை நீல விளக்கின் கீழே காட்டிக்கொண்டிருந்தேன். திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, முதல்ல விரலை எடுங்க," என்றாள். குரலில் சண்டை இல்லை.

கிட்டே வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் இழுத்துக்கொண்டேன், ஒட்டிக்கொள்ளும் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. மறுபடியும் பிடித்தாள். மருந்துக் கடைக்காரரே என் விரலைத் தொடாமல் பாக்கியைக் கல்லாமேல் வைக்கிற காலம் அது. அவள் வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, இமை எப்போது வீங்கியது, கடை மூடியிருந்தபோது குறைந்ததா என்று கேட்டாள். குறைந்தது என்று சொல்லும்போதே எனக்குள் ஏதோ உறைத்தது.

பாம்பின் கால் பாம்பறியும். அவளுக்கும் இது வந்திருக்கிறது. நகத்தில் பூசுகிற ஜெல்லும் என் ரெசினும் ஒரே குடும்பம் என்றாள். இரண்டும் ஈரமாக இருக்கும்வரை பொல்லாதவை, இரண்டும் நீல விளக்கில்தான் இறுகும். தன் கடைக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்துவந்து என் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் பொடி எழுத்தில் அக்ரிலேட் என்று இருந்தது. எத்தனை வருஷம் அந்தப் பாட்டிலைத் திறந்திருக்கிறேன், ஒரு நாளாவது படித்தேனா? ஒவ்வாமை வந்ததிலிருந்து அவள் ஜெல்லைத் தொடுவதில்லையாம். நகம் வெட்டிச் சீவுவது மட்டும் அவள், ஜெல் பூசுவது கடையில் வேலை செய்கிற பெண்கள், அதுவும் தோலில் ஒரு துளி படாமல். தன்னைச் சோதித்த தோல் டாக்டரிடம் அன்றைக்கே என்னை அழைத்துப்போனாள். உடைந்த பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க டாக்டர் என் முதுகு முழுக்கச் சின்னச் சின்னப் பட்டைகளை ஒட்டி அனுப்பினார். முதுகில் தண்ணீர் படக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் மனைவி என் பக்கத்தில் படுக்கவே யோசித்தாள். இரண்டு நாள் கழித்து நகக்காரியோடு திரும்பிப் போய்ப் பட்டைகளை எடுத்தபோது ரெசின் இனத்தை வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்திருந்தது. மற்றதெல்லாம் சும்மா இருந்தது. புதுக் கண்ணாடி பொருத்துகிற கறுப்புப் பசையும்கூட.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நான் போடுகிற மெல்லிசுக் கையுறை ரெசினை நிறுத்தாது, சீக்கிரமே உள்ளே விட்டுவிடும். நுனியை வெட்டினால் கேட்கவே வேண்டாம். விளக்கில் காட்டி உரிக்கிறேனே, அதில் மேலே இறுகுமே தவிர, தோலை ஒட்டிய பக்கம் ஈரம் மிச்சம் இருக்கும். சுரண்டுகிற தூள் இமையில் போய் உட்காரும், அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் இன்னும் மோசம். இது இனிமேல் என்னை விட்டுப் போகாது, ரெசினைத் தொட்டால் வரும், தொடாவிட்டால் வராது. பல் அடைக்கப் போனால் பல் டாக்டரிடமும் இதைச் சொல்ல வேண்டுமாம், அங்கேயும் இந்த இனம்தான். ஆகவே விரிசல் அடைக்கிற வேலையை விட்டுவிடுங்கள், புதுக் கண்ணாடி மாற்றுகிற வேலையைத் தடித்த கையுறையோடு செய்யுங்கள் என்றார்.

அந்த நட்சத்திரம் மறைகிற நொடி இனிமேல் எனக்கு இல்லை. ஆனால் அவர் கடைசியாக ஒன்று சொன்னார், இது ஒட்டுவாரொட்டி இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவே தொற்றாது, கையைக் கழுவிவிட்டுப் பேத்தியைத் தாராளமாகத் தூக்கலாம் என்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்.

"டாக்டர் ஒட்டாதுன்னு சொல்றார் சம்பந்தி. என் கண்ணு ஒட்டிச்சுன்னு சொல்லுதே. நான் எதை நம்புறது?"

நியாயமான கேள்விதானே? தொற்றாது என்றால் அவருக்கு எப்படி வந்தது? போனை வைத்தேன். நகக்காரி என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். இமை வீங்கியதா, விரல் ஓரம் உரிந்ததா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அவங்க நகத்தில் ஏதாவது போட்டிருக்காங்களா என்றாள். மாதுளை நிறம் என் கண் முன்னால் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வியாபாரம். அன்றைக்குக் கடையைப் பெண்களிடம் விட்டுவிட்டு எங்களோடு பஸ் ஏறினாள். யார் வீட்டுப் பேத்திக்கு யார் அலைகிறது பாருங்கள். வழியெல்லாம் எனக்கு உதறல்தான். சம்பந்தி வீட்டில் போய் அவர் நகத்தைக் குறை சொன்னால் என் மகள் அல்லவா நாளைக்கு அங்கே இருக்க வேண்டும்? நீங்கள் மட்டும் வாயைத் திறக்காதீர்கள் என்று மனைவி எனக்கு உத்தரவு போட்டிருந்தாள்.

நகக்காரி குறை சொல்லவே இல்லை. சமையலறை வாசலில் நின்ற சம்பந்தியம்மாவிடம் தானாகப் போய், நகம் நல்லா வந்திருக்கே, எங்கே போட்டீங்க என்று ஆரம்பித்தாள். வீட்டிலேயே போட்டதாம். குழந்தை பிறந்த சமயத்தில் ஓயாமல் பார்த்துக்கொண்டதற்காக என் மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த பெட்டி, உள்ளே நாலு பாட்டில், ஒரு குட்டி விளக்கு. மருமகள் கொடுத்ததாயிற்றே என்று நிறம் மங்க மங்க விடாமல் போட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் முதல் தடவை வந்துபோன மறுவாரம்தான் தொடங்கினாராம். மகள் பெட்டியை எடுத்துவந்தாள். குட்டி விளக்கைப் போட்டாள். அதே நீலம்.

நகக்காரி என்னை அருகே வரச் சொன்னாள். என் கையையும் சம்பந்தியம்மாவின் கையையும் பிடித்துச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே வெடிப்பு, அதே செதில். அவருக்கு நகத்தைச் சுற்றி, எனக்கு ஆள்காட்டி விரல் நுனியில்.

"நோவு ஒண்ணுதான்மா. ஆனா இவர்கிட்டேருந்து உங்களுக்கு வரலை. இவருக்கு இவரோட பாட்டில், உங்களுக்கு உங்க பாட்டில். இந்தக் கையை நான் எத்தனை தடவை பிடிச்சிட்டேன், என் கையைப் பாருங்க. டாக்டர்கிட்ட நீங்களும் ஒரு தடவை காட்டிடுங்க, அவரும் இதைத்தான் சொல்வார்."

சம்பந்தியம்மா அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நகக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நான் தூக்கலாமா?"

எங்களுக்குப் புரியவில்லை. நீங்கள் தூக்காமலா என்றாள் என் மனைவி.

"கண்ணு வீங்கின அன்னையிலேருந்து நானும் பாப்பாவைத் தொடலை," என்றார். "அவருக்கு வேணாம்னு சொல்லிட்டு நான் மட்டும் எப்படித் தூக்குறது? எனக்கும்தானே இருந்துச்சு."

என் மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் கூப்பிடும்போதெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது, கை ஈரம், நீயே தூக்கிக்கோ என்று சொல்லியிருக்கிறார். எத்தனையோ நாள் அத்தை நம்மேல் கோபமாக இருக்கிறார் என்று இவள் தனியாக அழுதிருக்கிறாள்.

நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்குளில் கையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவன். போய்விட்டால் மறுநாள் கடை, கார், சுவர் என்று பொழுது போய்விடும். இந்த அம்மாள் அதே வீட்டில் இருந்திருக்கிறார். குழந்தை அழுகிற சத்தம் கேட்கும், குளிப்பாட்டுகிற சத்தம் கேட்கும், சமையலறை வாசலைத் தாண்டாமல் நின்றிருக்கிறார். மகாராணி என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எனக்கு அவர்மேல் அதுவரை இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

மகள் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிவந்தாள். அப்போதுதான் தூங்கி எழுந்த முகம். நேராக என்னிடம் கொண்டுவந்தாள். எத்தனை ஞாயிறு காத்திருந்தேன், கை தானாக நீண்டுவிட்டது. கோபக்காரனாகப் பிறந்து வளர்ந்த நான், பொறுமை என்ற ஒன்றை அன்றைக்குத்தான் முதல் முதலாகச் செய்து பார்த்தேன்.

"முதல்ல உங்க அத்தைகிட்ட கொடும்மா," என்றேன்.

சம்பந்தியம்மா குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார், முந்தானையில் துடைத்தார், திரும்பவும் போய்க் கழுவினார். போதும்மா, கை கரைஞ்சிடப் போகுது என்று நகக்காரி சொன்னதும்தான் வந்து வாங்கிக்கொண்டார். குழந்தையின் தலையில் முகத்தை வைத்து அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. அவராகக் கொடுக்கட்டும் என்று நாங்கள் எல்லோரும் சும்மா இருந்தோம். அந்தக் கூடத்தில் சும்மா இருப்பது எனக்கு அன்றைக்குக் கஷ்டமாகவே இல்லை.

பிறகு அவரே என்னிடம் வந்தார். தாத்தாகிட்ட போ என்று சொல்லி, என் கையில் வைத்தார்.

கனத்தாள். முதல் தடவை தூக்கியபோது கையில் இருந்ததே தெரியாத குழந்தை, இப்போது தோள் வரைக்கும் கனத்தாள். நாங்கள் இரண்டு பேரும் தொடாமல் இருந்த நாட்கள் அத்தனையும் அந்தக் கனத்தில் இருந்தன. என் வெடித்த விரலை எட்டிப் பிடித்துக்கொண்டாள். நகக்காரி வாசல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைக்கு நேரமாச்சு, நான் கிளம்பறேன் அண்ணே என்றாள்.

"உட்காரு தங்கச்சி, டீ குடிச்சிட்டுப் போகலாம்," என்றேன். சம்பந்தியம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.